சுழி

புடாபெஸ்ட், நாற்பத்தாறாம் வருடம், ஜூன்.
நோட்டு அச்சகத்தில் மை கலக்கும் பிரோஷ்காவுக்கு
திங்கட்கிழமை பச்சை,
வியாழக்கிழமை செங்கல் நிறம்.
மேலிருந்து வந்த தாளில் இவ்வளவுதான்:
அதே படம். அதே பூவேலை. நிறத்தை மாற்று.

படத்தில் இருப்பவள் முக்காடிட்ட ஒரு பெண்.
யாரென்று கேட்க ஆளில்லை.
தகடு செதுக்கிய எலெமேர்
முற்றுகைக் காலத்தில் வாளியோடு தண்ணீருக்குப் போனவன்;
வாளி மட்டும் திரும்பி வந்தது.
அவனுடைய அத்தை மகள் அது என்பார்கள் காகிதம் வெட்டுகிறவர்கள்.
பிரோஷ்காவுக்கோ
ஆறாம் எண் டிராமில் சீட்டுக் கிழிப்பவள்தான் அவள்:
சில்லறை இல்லையென்றதும்
வெடுக்கென்று திரும்பும் அதே கழுத்து.

முதலில் அவள் வெறும் ஆயிரம்.
பிறகு லட்சம், பிறகு கோடி.
முகத்தில் ஒரு சுருக்கம் கூடவில்லை.
கோடி என்பது ஒரு காலத்தில் மலைப்பு.
இப்போது தெருக்கோடிவரை போய்வரக் காணாது.

சுழிகளைக் கண்டால் ஜனம் மிரளும் என்று
யாரோ ஓர் அதிகாரி பெயரை மாற்றினார்.
பெங்கோ, மில்பெங்கோ,
அதுவும் போதாமல் பீ-பெங்கோ.
ஆறு சுழிகளை விழுங்கியது ஓர் அசை;
பன்னிரண்டை விழுங்கியது ஒற்றை எழுத்து.
வெளியே,
உடைந்து கிடந்த பாலங்களுக்கடியில்
டான்யூப் தன் சுழிகளைப் போட்டுக்கொண்டே போனது,
எதையும் மறைக்காமல்.

வரிசை எண் அடிக்கும் இயந்திரத்தையும் நிறுத்திவிட்டார்கள்.
எண் குத்தி முடிப்பதற்குள்
முட்டை விலை ஏறிவிடுகிறதாம்.
முகம் இருந்தது, முத்திரை இருந்தது,
எத்தனையாவது என்று சொல்ல மட்டும்
எதுவும் இல்லை.

வாசலில் துப்பாக்கியோடு நின்ற பெர்தலான்
ஒருநாள் இடம் மாறி நின்றான்.
கிடங்குக் கதவு திறந்தே கிடந்தது,
உள்ளே கட்டுக் கட்டாகப் பணம்.
அவன் காவல் காத்தது
உருளைக்கிழங்கு வண்டியை.

சனிக்கிழமைக் கூலி:
அரைக்கிலோ மாவு,
விரற்கடை அளவு பன்றிக்கொழுப்பு.
"நோட்டு அடிக்கிறவளே நோட்டு வேண்டாம் என்கிறாளே"
என்று மீன்காரி சிரித்தாள்.
அவளும் அன்றைக்கு மீனை
ஒரு ஜோடிக் காலுறைக்குத்தான் கொடுத்தாள்.

ஜூலைக் கடைசியில் ஊதா.
நூறு கோடி பீ-பெங்கோ.
ஊதாப் பொடி தீர்ந்துபோய்
டப்பாவின் அடியைச் சுரண்டி
விளக்குக் கரி சேர்த்துக் குழைத்தாள் பிரோஷ்கா.
அச்சேறி வந்தபோது
அந்தப் பெண்ணின் கண்ணுக்குக் கீழே கருவளையம்.
மேற்பார்வையாளர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
நெடுநேரம் பார்த்தார்.
சரி, ஓட்டு என்றார்.

அந்த நோட்டு வெளியே போகவே இல்லை.
ஈரம் காயுமுன் அதன் காலம் முடிந்துவிட்டது.
உலகத்திலேயே மிகப் பெரிய பணக்காரியாக
ஒரு வாரம் கிடங்கில் கிடந்தாள்,
தூக்கமில்லாத முகத்தோடு.

ஆகஸ்ட் முதல் தேதி, ஃபோரின்ட்.
கூலிக் கவரில் ஒரே ஒரு தாள்: பத்து.
ஒன்றும் ஒரு சுழியும்.
அந்த ஒற்றைச் சுழியை
விரலால் வளைத்து வளைத்துப் பார்த்தாள் பிரோஷ்கா.
ஏமாற்றுகிற மாதிரித் தெரியவில்லை.
இருந்தாலும் உடனே நம்பிவிடவில்லை;
ரொட்டிக்கடைக்கு வழக்கம்போல் ஓடித்தான் போனாள்.
காலையில் சொன்ன விலையே
மாலையிலும் இருந்தது.
மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

திரும்பும் வழியில் ஆறாம் எண் டிராம்.
அதே கழுத்து.
பிரோஷ்கா நீட்டிய காசை வாங்கி,
மீதியை எண்ணி,
உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தவள்
கையை விடாமல் கேட்டாள்:
"நகத்தில் என்ன அது, ஊதாவாக?"

"நூறு கோடி" என்றாள் பிரோஷ்கா.
"சோப்பு கிடைத்தால் போய்விடும்."